காத்திருக்கும் பெண்ணை ஊர் என்ன சொல்கிறது?

பெண்ணின் திருமண வயது 18 என்பதை அறியாத பெற்றோரைத் தமிழ்நாட்டில் இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிச் சுவரிலும் அங்கன்வாடி வாசலிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது எழுதியிருக்கிறது. விடிவதற்கு முன்பு, பக்கத்து மாவட்டத்துக் கோயிலிலோ மாநில எல்லைக்கு அந்தப் பக்கமோ போய்ச் சிறுமிக்குத் தாலி கட்ட வைக்கிறவர்களுக்குச் சட்டம் நன்றாகவே தெரியும். தெரிந்திருப்பதால்தான் ஒளித்துச் செய்கிறார்கள். அப்படியும், ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 12.8% பேர் 18 வயது நிறைவதற்குள் மணமுடிக்கப்பட்டவர்கள். எட்டுப் பேரில் ஒருவர். நாட்டின் சராசரியான 23.3 சதவீதத்தோடும், பிஹாரின் 40.8 சதவீதத்தோடும் ஒப்பிட்டு நாம் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆனால், பெண்கல்வியில் இவ்வளவு தூரம் வந்துவிட்ட ஒரு மாநிலத்தில் இந்த எண்ணிக்கை ஏன் இன்னும் கரையவில்லை என்ற கேள்விக்கு அந்த ஒப்பீடு பதில் சொல்லாது.

குழந்தைத் திருமணத்துக்கு எதிராக அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் ஊடகங்களும் கைகோத்து நடத்தும் பிரச்சாரங்கள் பெரும்பாலும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: பெற்றோருக்குத் தீமை தெரியவில்லை, சொன்னால் திருந்திவிடுவார்கள். ஆகவே உறுதிமொழி, பேரணி, துண்டுப்பிரசுரம், அரை நிமிட விளம்பரம். இந்த அனுமானமே தவறு என்பது என் கருத்து. பெற்றோரை நெருக்குவது அறியாமை அல்ல, அக்கம்பக்கம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பெண் வீட்டில் இருந்தால் ஊர் ஒரு வருடம்கூடப் பொறுக்காது. ‘இன்னும் ஒண்ணும் அமையலையா?’, ‘ஜாதகத்துல ஏதாச்சும் தோஷமா?’, ‘வயசு ஏற ஏறப் பவுனும் ஏறுமே’ என்று தண்ணீர்க் குழாயடியிலும் துக்க வீட்டிலும் கேட்பார்கள். தாமதம் என்பது பெண்ணிடம் உள்ள குறையாக வாசிக்கப்படுகிறது. மகளைக் கரையேற்றத் துடிக்கும் தகப்பன் அந்த வாசிப்புக்குத்தான் அஞ்சுகிறார். ஊடகமும் களப்பணியும் சேர்ந்து மாற்ற வேண்டியது இந்த வாசிப்பைத்தான். சட்டப் பிரிவுகளைப் பற்றிய அறிவை அல்ல.

இதற்கு உறுதியான சான்று வங்கதேசத்தில் கிடைக்கிறது. ‘கிஷோரி கொந்தா’ என்ற திட்டத்தின் கீழ் அங்குள்ள கிராமங்களில் இரண்டு வழிகள் சோதிக்கப்பட்டன. சில கிராமங்களில் வளரிளம்பெண்களைக் குழுவாகச் சேர்த்து உரிமை, உடல்நலம், தன்னம்பிக்கை பற்றிப் பயிற்சி தந்தார்கள். வேறு சில கிராமங்களில், 18 வயதுவரை மணமாகாமல் இருக்கும் பெண்ணின் குடும்பத்துக்கு நான்கு மாதங்களுக்கு ஒரு முறை சமையல் எண்ணெய் கொடுத்தார்கள். 2023இல் வெளியான ஆய்வு முடிவு பலரைத் திகைக்க வைத்தது. இரண்டு ஆண்டுகள் எண்ணெய்க்குத் தகுதிபெற்ற பெண்களிடையே 18 வயதுக்கு முந்தைய திருமணங்கள் 19% குறைந்திருந்தன. பயிற்சி மட்டும் நடந்த கிராமங்களில் திருமண வயது மாறவில்லை. ‘ஏழைகளுக்குப் பேச்சு வேண்டாம், பொருள்தான் வேண்டும்’ என்று இதை அவசரமாக முடித்துவிடலாம். ஆனால், கிடைத்த எண்ணெயின் மதிப்பு வரதட்சிணைக் கணக்கில் ஒரு மூலைக்குக் காணாது. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் வேறு: சீக்கிரம் மணமாகும் பெண் அடக்கமானவள், தாமதமாகும் பெண் அப்படியல்ல என்று மாப்பிள்ளை வீட்டார் கணிக்கும் இடத்தில், ‘எண்ணெய்க்காகக் காத்திருக்கிறோம்’ என்பது ஊரறிந்த, கௌரவமான ஒரு காரணமாகிவிட்டது. தாமதத்துக்கு இருந்த கெட்ட பெயர் போனது. அதற்கும் மேலாக, எண்ணெய்க்குக் காத்திருந்தவர்களைப் பார்த்து, எண்ணெய் ஊக்கத்தால் நேரடியாகத் தூண்டப்படாத பெண்கள் மத்தியிலும் திருமணம் தள்ளிப்போனது.

ஆக, கேள்வி இப்படி மாறுகிறது: ஒரு பெண் காத்திருப்பதை இயல்பானதாக, மதிப்புக்குரியதாக ஊர் பார்க்கும்படி எப்படிச் செய்வது? அதை ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாது. ஒரு கிராமம்கூடத் தனியாகச் செய்ய முடியாது. ஏனென்றால், பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஊருக்குள் முடிவதில்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் செனகல் நாட்டின் கிராமத்து இமாமான டெம்பா தியவாரா. 1997இல் அங்கே மலிகுண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள், டோஸ்டன் என்ற தொண்டு அமைப்பு நடத்திய வகுப்புகளுக்குப் பின்பு, பெண் உறுப்புச் சிதைப்பைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. தியவாரா, தன் ஊர் மட்டும் விட்டுவிட்டால் தன் ஊர்ப் பெண்களை யார் கட்டுவார்கள் என்று யோசித்தார். சம்பந்தம் செய்துகொள்ளும் ஊர்கள் அத்தனைக்கும் நடந்தே போய்ப் பேசினார். 1998இல் 13 கிராமங்கள் கூடி ஒரே குரலில் அறிவித்தன. ஊரறிய நடந்த அறிவிப்பு அது. பிற்காலத்தில் இதே முறையில் நடந்த ஊர்க்கூட்ட அறிவிப்புகளில் குழந்தைத் திருமணமும் சேர்ந்துகொண்டது. நடந்தே போய்ப் பேசியது களப்பணி. அறிவிப்பு ஊர் ஊராகச் செய்தியாகப் பரவியது ஊடகம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது நின்றிருக்காது.

இதற்காக நாம் செனகலுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. 1929ஆம் ஆண்டைத் தமிழர்கள் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். அந்த ஆண்டில்தான் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை வகுத்த சாரதா சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. இடைப்பட்ட மாதங்களில் நாடெங்கும் என்ன நடந்தது? சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று குழந்தைத் திருமணங்கள் குவிந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதன் தடம் பதிந்திருக்கிறது. மனங்களைத் தயார்செய்யாமல் மேலிருந்து இறங்கும் சட்டம், தடுக்க வந்ததையே சிறிது காலத்துக்குப் பெருக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே 1929இன் பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் திருமண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் காகிதத்தில் நிற்கவில்லை. அந்த இயக்கம் ஊர் ஊராகத் திருமணங்களையே பொதுக்கூட்டங்களாக நடத்தியது. மணமக்களின் பெயர், ஊர், வந்தவர்கள், பேசியவர்கள் எல்லாம் ‘குடி அரசு’ இதழில் அச்சாயின. இன்னொரு ஊரில் அதைப் படித்தவருக்குக் கிடைத்தது கொள்கை விளக்கம் மட்டுமல்ல. தன்னைப் போன்ற ஒரு குடும்பம் இப்படிச் செய்துவிட்டு ஊரோடு நன்றாகத்தான் வாழ்கிறது என்ற தகவல். மேடையும் பத்திரிகையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்த அந்த முறைதான் இன்றைய கூட்டு முயற்சிகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

அச்சிதழின் இடத்துக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு இந்த ஆற்றல் இன்னும் பெருகியது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் ஆகிய பொருளியலாளர்கள் 2001-03 காலத்தில் தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளின் கிராமங்களை ஆராய்ந்தார்கள். கேபிள் இணைப்பு வந்த ஊர்களில், மனைவியை அடிப்பது சரி என்ற எண்ணம் குறைந்திருந்தது. ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்திருந்தது. கேபிளில் வந்த தொடர்கள் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. வேறுவிதமாக வாழும் குடும்பங்களைத் தினமும் கூடத்துக்குக் கொண்டுவந்தன, அவ்வளவுதான். 2008இல் தொடங்கிய ‘பாலிகா வது’ தொடர், ராஜஸ்தானின் ஒரு குழந்தை மணப்பெண்ணை எட்டு ஆண்டுகள் வீடுகளுக்குள் அழைத்துவந்தது. ‘மண் வாசனை’ என்ற பெயரில் தமிழிலும் பேசியது. ஆனால், தொடர் மட்டும் ஓடிவிட்டால் போதாது என்பதைப் புரிந்துகொண்டு வந்தது, 2014இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘மைன் குச் பீ கர் சக்தி ஹூன்’. பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா தயாரித்து ஃபெரோஸ் அப்பாஸ் கான் இயக்கிய அந்தத் தொடரில், மும்பை வேலையை விட்டுத் தன் கிராமத்துக்குத் திரும்பும் மருத்துவர் சினேகாதான் நாயகி. பார்த்தவர்கள் தொலைபேசியில் அழைத்துத் தம் கருத்தைப் பதிவுசெய்ய வசதி இருந்தது, லட்சக்கணக்கில் அழைத்தார்கள். பிஹாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் ‘சினேகா’ மன்றங்கள் உருவாயின. கதையைத் திரையில் பார்த்தது ஒரு பங்கு என்றால், மன்றத்தில் உட்கார்ந்து ‘நம் தெருவில் இது நடந்தால் யார் போய்ப் பேசுவது?’ என்று முடிவெடுத்தது மறு பங்கு.

நம் ஊர்களில் ஏற்கெனவே ஓர் ஊடகம் மிக வலிமையாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையும் பிரச்சாரகர்கள் கவனிக்க வேண்டும். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைக்கப்படும் ஃபிளெக்ஸ் பதாகையைச் சொல்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியைப் பட்டுப்புடவையிலும் ஒட்டியாணத்திலும் நிற்கவைத்துப் படமெடுத்து, சுற்றிலும் தாய்மாமன்கள், பங்காளிகள் முகங்களை வட்டம் வட்டமாக ஒட்டி, மண்டபத்துத் திருப்பத்தில் ஆளுயரத்துக்குக் கட்டுகிறார்கள். பெற்றோரின் மனதில் அது பாசம். செலவழித்து மகளைக் கொண்டாடுகிறார்கள். ஆனால், கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்களுக்கெல்லாம் அது தெரிவிப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த வீட்டில் பெண் இருக்கிறாள். அன்றிலிருந்து கேள்விகள் தொடங்குகின்றன. அதே தெருமுனையில், அதே அளவில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செவிலியர் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் பதாகையை, அதே தாய்மாமன்களின் முகங்களோடு ஊராட்சியும் மகளிர் குழுவும் கட்டினால் என்ன? காத்திருப்பவளை ஊர் பார்க்கும் விதம் அப்படித்தான் மாறும்.

ஊடகமும் களப்பணியும் இணைந்த முயற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதிலிருந்து சில முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, அதன் எல்லை வருவாய் மாவட்டமாக இருக்கக் கூடாது. சம்பந்தம் செய்துகொள்ளும் ஊர்களின் வட்டமாக இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மலையூர்களின் உறவு கர்நாடகத்துக்குள் நீள்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் கூட்டம் போட்டால், கல்யாணம் அந்தப் பக்கம் நடக்கும். அங்கே கன்னட வானொலியும் கன்னட நாளிதழும் கூட்டாளிகளாக வேண்டும். அடுத்து, காலம். பிரச்சாரம் நவம்பரில் குழந்தைகள் தினத்தையொட்டி நடக்கிறது. கல்யாணங்களோ பொதுத்தேர்வு முடிந்து பள்ளி மூடியிருக்கும் சித்திரை, வைகாசியில் நடக்கின்றன. பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாட்கள் முன்கூட்டியே அச்சாகின்றன. பள்ளிக்குத் தொடர்ந்து வராத மாணவிகளின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தலைமையாசிரியரும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரும் போதும். ராஜஸ்தானில் அட்சய திருதியை நெருங்கும்போது, மணமக்களின் வயதை அழைப்பிதழில் அச்சிடும்படி மாவட்ட நிர்வாகங்கள் அச்சகங்களுக்குச் சொன்னதும் இதே நோக்கில்தான். பந்தல்காரர், சமையல்காரர், மண்டப உரிமையாளர், பூசாரி ஆகியோரும் இந்தக் கூட்டில் சேர்க்கப்பட வேண்டியவர்கள். குழந்தைத் திருமணத்தை நடத்திவைப்பவருக்கும் 2 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்பதை அவர்களிடம் மிரட்டலாகச் சொல்வதைவிட, ‘எங்கள் மண்டபத்தில் செய்ய மாட்டோம்’ என்று அவர்களையே உள்ளூர் வானொலியில் சொல்லவைப்பது பலன் தரும். வளாகச் சமுதாய வானொலி 2004இல் இந்தியாவில் முதலில் தொடங்கியதே சென்னையில்தான், அண்ணா பல்கலைக்கழகத்தில். மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் முதலில் முளைத்தது தருமபுரி மாவட்டத்தில். கருவிகள் நம் கையில் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

‘வறுமைதான் காரணம், வயிற்றுக்கு வழி செய்யாமல் வானொலி வைத்து என்ன பயன்?’ என்ற ஆட்சேபம் நேர்மையானது. பொருளாதார உதவி தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், உதவி எந்தச் செய்தியைச் சுமந்துவருகிறது என்பது முக்கியம். மேற்கு வங்கம் 2013இல் ‘கன்யாஸ்ரீ’ திட்டத்தைத் தொடங்கி, 18 வயதுவரை மணமாகாமல் படிக்கும் பெண்ணுக்கு 25,000 ரூபாய் தந்தது. ஐ.நா. விருதும் பெற்ற திட்டம். பெண்கள் பள்ளியில் நீடிக்க அது உதவியது. ஆனால், நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்விலும் ஐந்தாவதிலும் அங்கே குழந்தைத் திருமண விகிதம் அதே 41.6%. மொத்தமாகக் கைக்கு வரும் பணம் கல்யாணச் செலவாகப் பார்க்கப்படுகிறது என்ற விமர்சனம் அங்கே தொடர்ந்து எழுந்தது. தமிழ்நாட்டிலும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உதவி பல ஆண்டுகள் திருமணத்துக்கும் தாலித் தங்கத்துக்குமாக இருந்தது. 2022இல் அது ‘புதுமைப் பெண்’ ஆகி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாறியது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ‘மாசம் ஆயிரம் வருது, படிக்கட்டும்’ என்று ஒரு தாய் குழாயடியில் சொல்லிக்கொள்ள முடிகிறது. வங்கதேசத்து எண்ணெய் செய்த வேலை அதுதான்.

‘நாலு பேரை உள்ளே தள்ளினால் தானாக நிற்கும்’ என்பது இன்னொரு வாதம். 2023 பிப்ரவரியில் அசாம் அரசு அதைச் செய்துபார்த்தது; சில நாட்களுக்குள் கைது எண்ணிக்கை 2,000ஐக் கடந்தது. அதன் பிறகு குழந்தைத் திருமணங்கள் பெருமளவு குறைந்துவிட்டதாக ஓர் அறிக்கை கூறுகிறது. பயம் ஏற்படுத்தும் விளைவை நான் மறுக்கவில்லை. ஆனால், கணவர்கள் சிறைக்குப் போக, கைக்குழந்தையோடு காவல் நிலைய வாசலில் அழுதுகொண்டு நின்ற இளம்பெண்களையும் அதே நாட்களில் நாடு பார்த்தது. தண்டிக்கும் நோக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஒழிக்க முடியாது, தடுப்பும் விழிப்புணர்வும் சமூகத்தின் பங்கேற்பும் முன்னால் வர வேண்டும் என்று 2024 அக்டோபர் 18 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. சட்டம் பின்னால் நிற்க வேண்டும். அது இல்லாமல் செவிலியரும் ஆசிரியரும் வாய்திறக்க முடியாது. ஆனால், காவலர் வரும் நேரத்தில் ஊர் ஏற்கெனவே தோற்றிருக்கிறது.

பெற்றோர் சொல்லும் காரணம் ஒன்றைப் பிரச்சாரங்கள் கண்டுகொள்வதே இல்லை: ‘யாரோடாவது போய்விடுவாளோ’ என்ற பயம். கைபேசியில் ஒரு பையனோடு பேசியது தெரிந்ததும் ஒரே வாரத்தில் மாப்பிள்ளை பார்த்து முடிக்கிறார்கள். மறுபக்கம், வீட்டில் அவசரமாக முடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே சில பெண்கள் பதினாறில் வெளியேறுகிறார்கள். பள்ளிச் சீருடையில் நாயகியைக் காதலிக்க வைத்த நம் சினிமாவுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பதின்வயதுக் காதலைப் பாலியல் வன்முறையாகவே அணுகும் போக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கேள்விக்குள்ளாக்கியது. அப்படி வரும் வழக்குக்குப் பயந்து, கருவுற்ற சிறுமி மருத்துவமனைக்கே வராமல் இருப்பது உயிருக்கு ஆபத்து. பெற்றோரின் பயத்தை ஏளனம் செய்து பலனில்லை. கடைசிப் பேருந்து மாலை ஐந்துக்குப் போய்விடும் ஊரில், மேல்நிலைப் பள்ளி பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கையில், ‘படிக்க வையுங்கள்’ என்பது வெற்றுச் சொல். அந்தப் பேருந்தின் நேரத்தை மாற்றக் கோரி உள்ளூர்ப் பதிப்பில் தொடர்ந்து எழுதுவதும் குழந்தைத் திருமண ஒழிப்புதான்.

‘இதெல்லாம் தள்ளிப்போடுவதுதானே, ஒழிப்பதா?’ என்றும் கேட்கிறார்கள். எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் 2004 முதல் 2006 வரை நடந்த ‘பெர்ஹானே ஹேவான்’ திட்டத்தில், மகளிர் குழு, பள்ளிப் பொருட்கள், ஊர்க்கலந்துரையாடல், கடைசியில் ஓர் ஆடு என்று சேர்த்துத் தந்தார்கள். 10-14 வயதுச் சிறுமிகளின் திருமணம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 15-19 வயதில் திருமணம் கூடியது. குறை என்று சொல்லலாம். எனக்கு அது வெற்றியாகவே படுகிறது. இடுப்பெலும்பு வளராத பதின்மூன்று வயதில் பிள்ளை பெறுவதும் பத்தொன்பதில் பெறுவதும் ஒன்றல்ல.

கடைசியாக, நாங்கள் இருக்கும் ஊடகத் துறையைப் பற்றி. 2025 மார்ச்சில் கிருஷ்ணகிரி மலைப்பகுதியில் 14 வயதுச் சிறுமி ஒருவரைக் கதறக் கதறத் தூக்கிச் செல்லும் காணொலி பரவியது, கைதுகள் நடந்தன. ஊடகத்தின் வலிமை அது. ஆனால், தாலி ஏறிய பின்பு கிடைத்த வலிமை. ‘சிறுமி மீட்பு’ என்று செய்தி போடும்போது முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊர், தெரு, தந்தையின் தொழில், படித்த பள்ளி எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம். அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. அந்தச் செய்தியைப் படித்த இன்னொரு சிறுமி 1098ஐ அழைக்கத் துணிவாளா? அழைத்தால் ஊர் முழுக்கத் தன் கதை தெரிந்துவிடும் என்றுதான் நினைப்பாள்.

மாவட்டப் பதிப்புகளின் ஆசிரியர்களையும், பண்பலை, சமுதாய வானொலி நிலையங்களை நடத்துபவர்களையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வரும் பங்குனிக்குள் உங்கள் பகுதி மகளிர் குழுக் கூட்டமைப்பையும், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூகநல அலுவலரையும் அழைத்து ஒரு நாள் உட்காருங்கள். மீட்புச் செய்திக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை, மகளைக் காத்திருக்க வைத்த குடும்பங்களுக்கு அவர்களின் சம்மதத்தோடு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வாரமும், பெண் கொடுத்து எடுக்கும் எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேரும்படி.